பேர ஊரு வைக்கும், நீ முறுக்கச் சுடு

ஏலே மக்கா, இப்படி வந்து உக்காரு. முறுக்குக் கடை போடப் போறியாம்லா? சந்தோசம். எண்ணெய்ச் சட்டி வாங்கிட்டியா? இல்லையா? மாவு எந்த மில்லுல அரைக்கப் போற? அதுவும் தெரியாதா? பொறவு ராப்பகலா முழிச்சிருந்து என்னத்தலே பாத்த? ஓ, லோகோவா!

காட்டு பாப்போம். அடேங்கப்பா! ஊதா வட்டத்துக்குள்ள ஒரு வாலு சுருண்டு கெடக்கு. இது முறுக்கா, தேளா? பேரு வேற 'க்ரிஸ்போரா'வாம். உங்க ஆச்சி வாயில நொழையுமாலே அது? கடை பேரச் சொல்லத் தெரியாதவ பக்கத்து வீட்டுக்காரிகிட்ட எப்படிச் சொல்லுவா?

அட்டையில என்னது, 'மூணு தலைமுறைப் பாரம்பரியம்'மா? உங்கப்பன் பஸ்சு கண்டக்டரு. நான் பம்புசெட்டு மெக்கானிக்கு. நம்ம வீட்டுல எந்தத் தலைமுறைலே முறுக்கு சுட்டுது?

நம்ம டவுணுல நெல்லையப்பர் கோயிலுக்கு எதிர்த்தாப்புல அல்வாக் கடை இருக்குல்லா? போர்டு உண்டுமா? மங்கலா ஒரு பல்ப எரிய விட்டு, சாயங்காலம் யாவாரம் செஞ்சாவ. 'அந்த இருட்டுக் கடை'ன்னு சனம் சொல்லிச் சொல்லி அதுவே பேராயிட்டு. எந்தக் கம்பெனிக்காரன் வந்து வச்சான்?

திண்டுக்கல்லுக்குப் போ. 1957-ல நாகசாமி நாயுடு பிரியாணிக் கடை போட்டாரு. அவரு வச்ச பேரு ஆனந்த விலாஸ். மனுசன் எப்பவும் தலப்பாவோட இருப்பாரு. ஊரு என்ன செஞ்சுது? ஆனந்தத்த விட்டுட்டுத் தலப்பாவப் புடிச்சுக்கிட்டு. சீரகச் சம்பாச் சோறு வாயில ருசிச்சதாலதான் தலப்பா மனசுல நின்னுது, கேட்டியா? இதக் கேட்டுட்டு நாளைக்கு நீயும் தலப்பாவோட வந்து நிக்காதல!

ஊர் வாய மூட உலைமூடி கிடையாதும்பாவ. வையுறதுக்கு மட்டுமா அந்த வாயி? புகழுறதுக்கும் அதே வாயிதான். அதுக்கு நல்லதாப் போடு. தீவாளிக்குச் சுட்ட ருசிதான் ஆடியிலயும் இருக்கணும். 200 கிராமுன்னு அச்சடிச்சா 200 கிராமு இருக்கணும். காறல் அடிச்ச எண்ணெயக் கீழ ஊத்து. மனசு வலிக்கும், வலிக்கட்டும். பொட்டலத்து நெறத்த மாசத்துக்கு ஒருக்கா மாத்தாத. எழுதப் படிக்கத் தெரியாத கெழவியும் தூரத்துல பாத்து 'அந்த மஞ்சப் பொட்டலம் குடு'ன்னு கேக்கணும்.

'மணப்பாறை முறுக்கு'ன்னு போட்டா விக்குமேன்னு கேக்கியா? கள்ளப்பய! அதுக்கு 2023-லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-லயே குடுத்தாச்சு. அந்த ஊருக்காரங்க தலைமுறையாச் சம்பாரிச்ச பேரு அது. நீ பாளையங்கோட்டையில சுட்டுட்டு மணப்பாறைன்னு ஒட்டுனா அதுக்குப் பேரு பிராண்டு இல்ல, களவு.

தாத்தனுக்குச் சட்டம் தெரியாதுன்னு நெனச்சுராத. பேரு நாலு வாயில விழ ஆரம்பிச்ச உடனே டிரேட்மார்க்குக்கு எழுதிப் போடு. சின்ன யாவாரி ஆன்லைன்ல எழுதிப் போட்டா ஒரு சரக்கு வகைக்கு 4,500 ரூவா. பதிஞ்சா 10 வருசத்துக்குச் செல்லும், பொறவு புதுப்பிக்கணும். 'நல்ல முறுக்கு', 'ருசி முறுக்கு'ன்னு மொட்டையா எழுதிட்டுப் போனா லேசுல பதிய மாட்டான். முறுக்கு விக்கிறவன் எல்லாம் சொல்லுத சொல்ல உனக்கு மட்டும் எப்படிப் பட்டா போட்டுக் குடுப்பான்? ஆச்சி பேரப் போடு, தெருப் பேரப் போடு. ஆனா வாயில நொழையுற பேராப் போடு.

லோகோக்காரனுக்கு எவ்வளவு பேசியிருக்க? இருபத்தஞ்சாயிரமா! அந்தத் துட்டுக்கு நல்ல சட்டியும் நயம் எண்ணெயும் வாங்குலே. மொத ஈடு முறுக்க எங்கிட்ட கொண்டா. எனக்குப் பல்லு இல்ல, நாக்கு இருக்கு. அது ஒத்துக்கிட்டா கடையத் தொற.