ஏட்டில் விளைந்த படை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பவர்கள் பிலிப்பைன்ஸின் இலோகோஸ் நோர்தே மாகாணத்துப் பக்கம் போனதில்லை. அந்த மாகாணத்தின் செல்லப்பிள்ளை ஒருவர் ஏட்டிலேயே ஒரு கெரில்லாப் படையை விளைவித்தார். படைக்குப் பெயர் மஹார்லிகா. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை ஓட ஓட விரட்டிய வீரர்கள் எட்டாயிரத்துக்கும் மேல். தளபதி பெர்டினாண்ட் மார்கோஸ். இவ்வளவு பெரிய படை சுற்றித் திரிந்தும் பக்கத்துக் காட்டில் போரிட்ட கெரில்லாக்கள் கண்ணில் அது படவே இல்லை. அப்பேர்ப்பட்ட ரகசியப் படை!

கெரில்லாக்களுக்குச் சம்பள பாக்கி தருவதாக அமெரிக்க ராணுவம் அறிவித்திருந்தது. போர் நடந்தபோது இருந்ததைவிடப் போர் முடிந்த பிறகு பிலிப்பைன்ஸில் கெரில்லாக்கள் பெருகியதற்கு அதுதான் காரணம். மார்கோஸும் பட்டியல் கொடுத்தார். அதோடு விட்டாரா? அப்பாவின் மின்டனாவோ பண்ணையிலிருந்து அமெரிக்கப் படை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளை வாங்கிக்கொண்டதாகவும், சுமார் 6 லட்சம் டாலர் வரவேண்டியிருப்பதாகவும் இன்னொரு மனு போட்டார். அதிகாரிகள் விசாரித்தார்கள். மாடும் இல்லை, மாடு இருந்த தடயமும் இல்லை. (சாணியாவது மிஞ்சியிருக்க வேண்டாமா?) படையைப் பற்றிய கோரிக்கையும் மோசடி என்று முடிவாகி, 1948-ல் கோப்பு மூடப்பட்டது.

நன்றாகவே மூடினார்கள். வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் மெக்காய் கண்டெடுத்து, அது பத்திரிகையில் வந்தபோது 1986 ஜனவரி ஆகிவிட்டது. அதற்குள் தளபதியார் 1949-ல் இலோகோஸ் நோர்தேயின் காங்கிரஸ் உறுப்பினர், பிறகு செனட் தலைவர், 1965-ல் ஜனாதிபதி, 1972-ல் ராணுவச் சட்டம் போட்ட சர்வாதிகாரி. சூபிக் கடற்படைத் தளமும் கிளார்க் விமானத் தளமும் அமெரிக்காவின் கையில் இருந்தவரை, தன் அலமாரியில் இருந்த கோப்பைத் தூசு தட்ட வாஷிங்டனுக்கு நேரம் வாய்க்கவில்லை.

நிஜமான படை என்ன ஆயிற்று? 1942 மார்ச்சில் மத்திய லூசோனின் குத்தகை விவசாயிகள் ஹுக்பலஹாப் என்ற படையைக் கட்டினார்கள். தலைவர் லூயிஸ் தாருக். ஜப்பானியரை நிஜமாகவே சுட்டார்கள், நிஜமாகவே செத்தார்கள். 1945 பிப்ரவரியில் மலோலோஸில் ஹுக் வீரர்கள் 109 பேரைப் பிடித்துச் சுட்டு ஒரே குழியில் தள்ளியது ஜப்பானியர் அல்ல, மக்லாங் என்ற இன்னொரு கெரில்லாத் தலைவரின் ஆட்கள். அவருக்குக் கிடைத்த தண்டனை மலோலோஸ் நகர மேயர் பதவி.

1946-ல் பம்பங்கா மக்கள் ஓட்டுப் போட்டுத் தாருக்கைக் காங்கிரஸுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர்கள் வாசலிலேயே நிறுத்தினார்கள். வன்முறையாலும் மோசடியாலும் ஜெயித்தாராம். நாட்டின் இயற்கை வளத்தில் அமெரிக்கருக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவைப்பட்டதும், தாருக்கின் கூட்டாளிகள் உள்ளே வந்தால் அது தேறாது என்பதும் தற்செயல்தான், நம்புவோம். தாருக் மறுபடி காட்டுக்குப் போனார், 1954-ல் சரணடைந்தார், சிறையில் கிடந்தார். 1968-ல் அவருக்கு மன்னிப்பு வழங்கியவர் யார் தெரியுமா? மஹார்லிகா தளபதி. படையே இல்லாதவர் படை நடத்தியவரைப் பெருந்தன்மையோடு மன்னித்தார்!

மார்பில் முப்பதுக்கும் மேற்பட்ட பதக்கங்கள் இருந்தால் பெருந்தன்மை தானாக வரும். அதில் ஒரு கொத்து 1963-ல், அவர் செனட் தலைவராக இருந்தபோது, குண்டுச் சத்தம் ஓய்ந்து பதினெட்டு ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது. இந்தப் பதக்கக் கதையைப் போனிஃபாசியோ கில்லேகோ என்ற முன்னாள் ராணுவ அதிகாரி 1982-ல் 'வீ ஃபோரம்' பத்திரிகையில் தொடராக எழுதினார். ஜப்பானியர் கண்ணில் ஒருநாளும் படாத தளபதியின் வீரத்தை அந்தப் பத்திரிகை அலுவலகம் அந்த டிசம்பரில் கண்ணாரக் கண்டது. கதவுக்குப் பூட்டு, ஆசிரியர் ஜோஸ் பர்கோஸ் கைது.

அமெரிக்கக் கொடியின் கீழ் நிஜமாகப் போரிட்ட பிலிப்பினோக்களின் உரிமைகளை 1946 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் பறித்தது. 2009-ல் ஒருமுறைத் தொகை என்று 9,000 டாலர், அமெரிக்கக் குடிமகனானால் 15,000. வாங்கக் கையை நீட்டப் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. தளபதிக்கு அந்தக் குறை இல்லை. அவருடைய போர்க்கதையில் புளுகு மலிந்திருக்கிறது என்று தேசிய வரலாற்று ஆணையமே சொன்ன பிறகும், உச்ச நீதிமன்றம் 9-க்கு 5 என்று கதவைத் திறந்துவிட, 2016 நவம்பரில் மாவீரர் மயானத்தில் துப்பாக்கி மரியாதையோடு புதைத்தார்கள்.

புதைத்தது ஆளை மட்டும்தான். 2023 ஜூலையில் ஜனாதிபதியாகிவிட்ட மகன் கையெழுத்துப் போட்டு அரசு முதலீட்டு நிதி ஒன்றைத் தொடங்கினார். பெயர், மஹார்லிகா. அரசு ஊழியர், தொழிலாளர் ஓய்வூதியப் பணத்திலும் கைவைப்பதாக முதலில் திட்டம்; ஊரே கூச்சல் போட்டதால் விட்டார்கள். அன்று ஒரு சல்லிக்கும் தகுதியில்லை என்று தள்ளப்பட்ட பெயருக்கு இன்று அரசு வங்கிகள் இரண்டு 7,500 கோடி பெசோ கட்டியிருக்கின்றன. அதில் 5,000 கோடி, குத்தகை விவசாயிக்கு நிலம் வாங்கித் தரவென்றே 1963-ல் தொடங்கிய லேண்ட் பேங்கின் பணம்.