ஓட்டுப் பெட்டி இல்லாத ஊர்: கேள்வி-பதில்

கே: எங்கள் ஊராட்சித் தேர்தலில் கள்ள ஓட்டு விழுமா?
– புதிய வாக்காளர், கோலா கிளாவாங்

ப: விழவே விழாது. ஜெலுபு மாவட்ட மன்றத்துக்குத் தேர்தல் இருந்தால்தானே! கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது. நல்ல ஓட்டுக்கே பெட்டி இல்லாத ஊரில் கள்ள ஓட்டு எங்கே போய் விழும்?

கே: எப்போதுமே இப்படித்தானா?
– ஓய்வுபெற்ற கிராணி, தித்தி

ப: இல்லை ஐயா. 1951-இல் ஜார்ஜ் டவுனிலும் 1952-இல் கோலாலம்பூரிலும் நகர மன்றத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்கள். அம்னோவும் மசீசவும் முதலில் கைகோத்ததே அந்தக் கோலாலம்பூர் தேர்தலில்தான். 1965-இல் இந்தோனேசியாவோடு மோதல் என்று தேர்தலை நிறுத்திவைத்தார்கள். சிரம்பான் உட்படச் சில நகர மன்றங்கள் மீது முறைகேட்டுப் புகாரும் கிளம்ப, அரச ஆணையம் அமைந்தது. தலைவர் நம்மவர், செனட்டர் அத்தி நாகப்பன். தேர்தல் வழி வந்த மன்றங்களே வேண்டும் என்றது 1968-இல் முடிந்த அறிக்கை. 1976 ஊராட்சிச் சட்டமோ தேர்தலையே தூக்கிவிட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. இந்தோனேசியாவோடு 1966-லேயே சமாதானம் ஆயிற்று, தெரியுமல்லவா?

கே: நான் கவுன்சிலராக என்ன தகுதி வேண்டும்?
– இளைஞர், சிம்பாங் பெர்த்தாங்

ப: சட்டப்படி, ஊராட்சி அனுபவமோ, தொழிலில் பேரோ, சமூகத்தின் சார்பில் பேசும் திறமையோ. நடைமுறையில், ஆளும் கட்சிகள் பங்கு பிரிக்கும் நேரத்தில் உங்கள் பெயரை எழுதிக் கொடுக்க ஒருவர். ஒரு நியமனம் மூன்று ஆண்டுக்கு மேல் போகாது. நீட்டிப்பதும் அதே ஆள்தான். சாக்கடை அடைத்துக்கொண்டால் கவுன்சிலர் யார் முகத்தைப் பார்ப்பார், உங்கள் முகத்தையா? 2018-இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. பங்கு பிரிக்கும் கைகள் மாறின.

கே: எங்கள் ஊரில் யாருக்குமே ஓட்டு இல்லையா?
– அதே இளைஞர்

ப: ஒருவருக்கு உண்டு. நெகிரி செம்பிலான் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் நான்கு உண்டாங்குகளில் ஜெலுபு உண்டாங்கும் ஒருவர். குப்பை லாரி விஷயத்தில்தான் ஜனநாயகம் இன்னும் வந்து சேரவில்லை.

கே: ரந்தாவில் வேட்பாளரையே வாசலில் நிறுத்தினார்களாமே?
– வாசகி, சிரம்பான்

ப: நிறுத்தினார்கள். 2018 ஏப்ரல் 28, வேட்புமனு நாள். பிகேஆர் வேட்பாளர் டாக்டர் ஸ்ட்ரீராமிடம் நுழைவு அட்டை இல்லையென்று உள்ளே விடவில்லை. மந்திரி புசார் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றார். தேர்தல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கூட்டரசு நீதிமன்றமும் ஆமோதித்தது. 2019 ஏப்ரல் 13 இடைத்தேர்தலில் அதே முகமட் ஹசான் 4,510 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 'பிறகு எதற்கு வழக்கு?' என்பீர்கள். முதல் தடவை அவரைத் தேர்ந்தெடுத்தது ஓர் அட்டை. அடுத்த தடவை ரந்தாவ் மக்கள்.

கே: அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டு வேறு ஆளுக்கு ஓட்டுப் போட்டால் பாவமா?
– தோட்டத்து வாசகி, கோலா கிளாவாங்

ப: பாவக் கணக்கைப் பூசாரியிடம் கேளுங்கள், அம்மா. ஓட்டுக்கென்று வாங்கினால் 1954 தேர்தல் குற்றச் சட்டத்தில் வாங்கியவரும் குற்றவாளி. 2018-இல் கேமரன் மலையில் மஇகாவின் சிவராஜ் 597 ஓட்டில் வென்றார். பூர்வகுடியினருக்குப் பணம் போனது நிரூபணமாகி வெற்றி பறிபோனது. இடைத்தேர்தலில் அதே தேசிய முன்னணி பூர்வகுடியைச் சேர்ந்த ரம்லியை நிறுத்தியது, வித்தியாசம் 3,238. காசைவிட சீட்டுக் கொடுப்பது மலிவு!

கே: விரல் மையாவது நம்பலாமா?
– முதியவர், தித்தி

ப: 2013-இல் சோப்பு போட்டதும் போய்விட்டதாக ஒரே கூச்சல். அதில் இருந்தது உணவு நிறமி என்று பிறகு அமைச்சரே சொன்னார். கேசரியில் போட்டிருந்தால் நின்றிருக்கும்.