கோப்பை தயார், குதிரை எங்கே?

செமினி தாமான் வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது கண்ணாடி அலமாரிதான். நடுவே ஒரு பீங்கான் தட்டு. அதில் பாயும் குதிரை, சுற்றிலும் தங்க விளிம்பு. மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். சோறு போட்டால் கீறல் விழும். ஆகவே இரண்டும் செய்வதில்லை. என்ன ஒழுக்கம்! பக்கத்தில் பியூட்டர் கோப்பை: 1885-இல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் சரக்கு, பெரும்பகுதி வெள்ளீயம். அதில் தேத்தண்ணி கேட்பவருக்கு அடுத்த தீபாவளிக்கு அழைப்பில்லை.

கோப்பை இருக்கிறது, பந்தயம்தான் பாக்கி. சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகம் 1896-இல் பிறந்தது. ஜாலான் அம்பாங்கில் குதிரைகள் ஓடிய திடலில் இப்போது இரட்டைக் கோபுரம். குதிரைகள் தெற்கே சுங்கை பெசிக்கு நகர்ந்துவிட்டன. கணக்கு எளிது. குதிரை ஓடி ஓய்ந்த இடத்தில் 88 மாடி முளைக்கும். செமினிக்கும் கோபுரம் வேண்டுமென்றால் முதலில் லாயம் கட்டுங்கள். சிங்கப்பூர் 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் நடத்திக் கடையைக் கட்டிவிட்டது, போட்டியும் குறைவு. காலை நெரிசலில் காஜாங்குக்குக் குதிரையிலேயே போய்விடலாம் என்பது கூடுதல் லாபம்.

பரிசளிப்பில்தான் சிக்கல் வரும். அலமாரிச் சாவியை எந்த அம்மா தருவார்? "கைரேகை படும்ங்க" என்பார். வென்ற குதிரைக்கு ஐஸ்கிரீம் டப்பாதான். விருந்தாளிகளுக்கும் அதில்தானே ரசம் கட்டிக் கொடுக்கிறோம்? குதிரை ஒத்துக்கொள்ளும். டப்பாவை மட்டும் மறக்காமல் திருப்பித் தந்துவிட வேண்டும், மூடியோடு.