ராக்கபில்லித் திரிபியல்: தனித்தட்டுப் படலம்

'ராக்', 'ஹில்பில்லி' என்னும் இரு சொற்கள் புணருங்கால் 'ஹில்' கெட்டு, அவ்விடத்தே ஓர் அகரம் தோன்றி, 'ராக்கபில்லி' ஆகும். நெடிலுக்குப் பின் ககரம் இரட்டித்தது எவ்விதியால் என்று கேட்போருக்கு நன்னூலில் விடையில்லை. ராக்கபில்லி இசை வளர்ந்த மெம்ஃபிஸ் நகரில்தான் விசாரிக்க வேண்டும். தோன்றலும் கெடுதலும் வந்துவிட்டன, திரிதல் எங்கே எனின், அது பாடகரிடத்து நிகழும்.

இசையிலும் அப்படியே. கன்ட்ரிப் பாட்டில் இழைந்துகொண்டிருந்த ஃபிடில் கெடும். டபுள் பாஸின் தந்தியை இழுத்து விட, அது மரத்தில் 'டப்'பென அறையும் ஓசை தோன்றும். குரலில் உயிரெழுத்து விக்கலாகத் திரியும்.

1954-ல் எல்விஸ் சன் நிறுவனத்துக்குப் பாடிய முதல் தட்டில் பில் மன்றோவின் மூன்றடி வால்ட்ஸ் ஒன்று நான்கடித் தாளத்துக்கு மாறியது. பாட்டு திரிந்தது உண்மை. பாடகரோ அதில்தான் பிறந்தார். பிறப்பைத் திரிபு என்னல் பிழை.

திரிந்த பாடகர் இருவகைப்படுவர். கரந்து திரிந்தோர் முதல் வகை. 1956-ல் ஜார்ஜ் ஜோன்ஸ் 'தம்பர் ஜோன்ஸ்' என்ற பெயரில் 'ராக் இட்' பாடினார். அதே ஆண்டு பக் ஓவன்ஸ் 'கார்க்கி ஜோன்ஸ்' ஆனார். கன்ட்ரி ரசிகர் கோபிப்பாரே என்ற அச்சம். ஒளிந்துகொள்ள ஓவன்ஸ் தேடிப்பிடித்த பெயரும் ஜோன்ஸ். ஒளிந்த பின்னும் ஜார்ஜுக்கு மிஞ்சியதும் ஜோன்ஸ். பின்னவருடையது தலையை மட்டும் போர்வைக்குள் மறைத்த கதை.

வெளிப்படத் திரிந்தோர் இரண்டாம் வகை. இதற்கு வாண்டா ஜாக்சன் ஒருவரே போதும். ஓக்லஹோமாக்காரர்; டெக்கா நிறுவனத்தில் கன்ட்ரி பாடிக்கொண்டிருந்த பெண். 1955-ல் ஒன்றாக ஊர் ஊராகப் பாடப் போனபோது, இந்தப் புது இசையைப் பாடிப் பாரேன் என்று எல்விஸ் தூண்டினார். மறு ஆண்டு கேப்பிட்டல் நிறுவனம் 'ஐ காட்டா நோ' தட்டை வெளியிட்டது. வாண்டாவுக்கு அப்போது வயது 18. எந்த ஆல்பத்திலும் சேராத தனித்தட்டு. 1960-ல்தான் ஒரு தொகுப்பில் இடம் கிடைத்தது.

ஊசியை வையுங்கள். முதலில் கன்ட்ரி, நல்ல வீட்டுப் பிள்ளை போல மெதுவாக. ஒரு வரிதான். சட்டென்று தாளம் பாய, குரல் முறைக்கிறது. போய்விட்டாள் என்று நினைத்தால் மறுபடி மெதுநடை, மறுபடி பாய்ச்சல். உண்மைக் காதல் என்றால் மோதிரம் எங்கே என்று ஆட்டக்காரக் காதலனைக் கேட்கும் பாட்டு. கலியாணப் பேச்சுக்கு ஒரு நடை, ஆட்டத்துக்கு ஒரு நடை! நடைமாற்றத்தை அறிவிக்க வந்த தட்டு, மாறாத நடையையும் கூடவே சுமக்கிறது. இலக்கணத்தார் நிலைமொழி, வருமொழி என்பனவற்றைப் பாட்டு நெடுகிலும் இப்படி ஒட்டியும் பிரித்தும் காட்டிய வேறொரு தட்டை நான் கேட்டதில்லை. பில்போர்டு கன்ட்ரி வரிசையில் அது 15-ஆம் இடம் பிடித்தது. கன்ட்ரி வரிசையில்தான், கவனிக்க. ஒருவேளை அவர்கள் மெதுவான வரிகளை மட்டும் எண்ணியிருக்கலாம்.

புறனடை: இனம் கடந்து திரிவோரும் உளர். 1979-ல் ஃப்ரெடி மெர்க்குரி குளியல் தொட்டியில் கிடந்தபடி இயற்றிய 'கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்' குவீன் குழுவுக்கு அமெரிக்காவில் முதலிடம் வாங்கித் தந்தது. தனியாக வந்த தட்டு, அடுத்த ஆண்டே ஆல்பத்தில் குடியேறிவிட்டது. ஆகவே இப்படலத்தில் அதற்கு வாசலோடு சரி.

வாண்டாவிடம் திரும்பினால், ஏழங்குலத் தட்டுக்கு மறுபக்கமும் உண்டு. 'ஹாஃப் ஆஸ் குட் எ கேர்ள்' என்ற அந்தப் பாட்டு, முழுக்க முழுக்கக் கன்ட்ரி. வெளிப்படத் திரிந்தோர் என்ற தலைப்பின் கீழ் அவர் பெயரை எழுதியிருந்தேன். தட்டைத் திருப்பிப் போட்டதும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி சேர்த்தேன்.