ஸ்லாக் சட்டையும் சாவித்திரி கையும்

எங்கள் வீட்டுத் தையல் வேலை என்பது சட்டைப் பட்டன் தைப்பதோடு சரி. அதையும் நான் செய்வதில்லை. அப்படிப்பட்டவன், ஒரு தையல் சாமான் கம்பெனி நடத்திய வாசகப் போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டேன். ‘ஊசி நுழையும் வழியில் உறவும் நுழையும்’ என்று எழுதிப் போட்டிருந்தேன். அர்த்தம் கேட்காதீர்கள், நடுவர்களே கேட்கவில்லை. வீட்டில்தான் கேட்டார்கள். “உறவு நுழைஞ்சா காப்பி யாருங்க போடுறது?” என்றாள் மனைவி.

பரிசு வருகிறது என்ற சேதி டீக்கடை வரைக்கும் எட்டிவிட்டது. எட்ட வைத்ததே நான்தான். “என்னண்ணே பரிசு? பிரிட்ஜா?” என்றார் மாஸ்டர். பேட்டர்ன் என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். துணி வெட்டுவதற்கான காகித அச்சு என்றேன். “காயிதமா?” என்றவர், வடையைத் திருப்பிப் போடப் போய்விட்டார்.

கம்பெனி ஒரு படப் புத்தகம் அனுப்பியிருந்தது. அதில் உள்ள பழைய பாணி அச்சுகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னால் அனுப்பி வைப்பார்களாம். பக்கத்துக்குப் பக்கம் 1940, 1950களின் வெள்ளைக்காரச் சீமாட்டிகள். ஒவ்வொருத்தி இடுப்பும் என் மணிக்கட்டு அளவுதான் இருக்கும். குடையாக விரிந்த பாவாடைகள். 1947-ல் பாரிசில் கிறிஸ்டியன் தியோர் என்பவர் இப்படிப் பாவாடையை விரித்துவிட்டதும் உலகமே வாயைப் பிளந்ததாம். யுத்தத் தட்டுப்பாட்டில் முழத்துணிக்குப் பறந்துகொண்டிருந்த காலம். பிளக்காமல் என்ன செய்யும்? பிரிட்டனில் 1949 வரை துணிக்கு ரேஷன்.

இது பொம்பளைகள் சமாச்சாரம் என்று ஒதுங்கியிருக்கலாம். நான் படித்துத் தொலைத்தேன். இந்தக் காகித அச்சை அளவுவாரியாக வெட்டி முதலில் விற்றவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த எபனேசர் பட்டரிக் என்ற ஆண் டெய்லர். வருஷம் 1863. யோசனை அவர் மனைவியுடையது என்பார்கள்; அது வழக்கம்தானே. அவர் முதலில் அச்சு போட்டது ஆண்கள், சிறுவர்கள் உடுப்புக்கு. பெண்கள் 1866 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதைச் சரித்திர ஆதாரமாக வைத்து, மூன்றில் ஒன்று எனக்கு என்று அறிவித்தேன். யாரும் எதிர்க்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை.

மற்ற இரண்டுக்குத்தான் சண்டை. பழசு என்றால் எந்தப் பழசு? மனைவிக்குச் சாவித்திரி காலத்துப் பஃப் கை வேண்டும். அம்மாவுக்கு ‘அன்பே வா’ வந்த 1966-க்கு முந்தியது எதுவும் கணக்கில் இல்லை. சரோஜாதேவி போட்டதுதான் ஜாக்கெட். நான் என் பங்குக்கு நதியாவைச் சொன்னேன். ‘பூவே பூச்சூடவா’ 1985-ல் வந்த பிறகு கம்மல், வளையல் என்று எதை எடுத்தாலும் கடைக்காரர்கள் நதியா பெயரைச் சொல்லித்தான் விற்றார்கள். பெண்டாட்டி என்னைப் பார்த்த பார்வையில் நதியாவை அப்படியே கீழே போட்டுவிட்டேன்.

கல்லூரியில் படிக்கும் மகள், “எனக்கு ரொம்பப் பழைய ஸ்டைல்தாம்ப்பா வேணும்” என்று பீரோவைத் திறந்து எடுத்து நீட்டியது எங்கள் கல்யாண ஆல்பம். அன்றைக்கு எனக்கு இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா ஒரே போடாகப் போட்டாள்: “ரொம்பப் பழசுதான் வேணும்னா எங்க அப்பத்தா மாதிரி இருங்க. காதுல தண்டட்டி தொங்கும், ரவிக்கையே கெடையாது. அச்சும் வேணாம், டெய்லரும் வேணாம்.” கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி வாழ்ந்து முடித்த கிழவிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் படப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை.

கடைசியில் ஒரு பஃப் கை ரவிக்கை, மகளுக்கு ஒரு குடைப் பாவாடை, எனக்கு ஒரு ஸ்லாக் சட்டை என்று முடிவாயிற்று. ‘கல்யாண பரிசு’ காலத்து ஜெமினி கணேசனாக நான் பைபாஸில் நடந்து போவதை மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். அளவு குறிக்கும்போது சிக்கல். நெஞ்சு 40 என்று எழுதினால் வயிறு வெளிநடப்பு செய்தது. வயிற்றுக்கு ஏற்ற எண்ணை எழுதினால் தோள் முழங்கைக்கு இறங்கும். படத்தில் இருந்த ஆளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு 40 என்றே எழுதினேன்.

அச்சு வந்து சேர்ந்தது. எண்ணெய்ப் பலகாரத்துக்கு அடியில் போடலாம் என்கிற அளவுக்கு மெல்லிய தாள். கோடும் புள்ளியும் அம்புக்குறியுமாக, நிலச் சர்வே வரைபடம் தோற்றது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் எங்கள் டெய்லரிடம் கொண்டுபோனேன். மேஜையில் விரித்ததும் மின்விசிறிக் காற்றில் ரவிக்கையின் முதுகு பறந்துபோய், இஸ்திரிக்கு வந்திருந்த வேட்டியின் மேல் உட்கார்ந்தது. எடுத்து வந்து, மேலே கத்தரிக்கோலைப் பாரமாக வைத்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“இது யாரோட ஒடம்புண்ணே?”

பதில் சொல்லத் தெரியவில்லை. ஓரத்தை விரலால் தடவிக் காட்டினார். தையலுக்கு விட்டிருந்த இடம் அரை இஞ்சுக்குச் சற்றே கூட. “இம்புட்டுத்தான் உள்ள விட்டுருக்கு. நாளைக்கி மதினி ஒரு சுத்துப் பெருத்தாகன்னா எதைப் பிரிச்சு விடுறது? நம்ம ஊருல கல்யாண ஜாக்கெட்ட பேத்தி கல்யாணத்துக்கும் பிரிச்சுல்ல போடுறாக. அளவு ஜாக்கெட் கொண்டாந்தீகளா?”

கொண்டுவந்திருந்தேன், மனைவி விவரமானவள். அச்சைச் சுருட்டி ஓரமாக வைத்தார். துணியை நான்காக மடித்தார், அளவு ஜாக்கெட்டை மேலே போட்டார், சாக்கால் சுற்றிக் கோடு இழுத்தார். உள்பக்கம் தாராளமாக ஒன்றரை இஞ்சு. கைக்கு மட்டும் மேல்பக்கம் மூன்று இஞ்சு கூட விட்டு, “இதச் சுருக்குப் பிடிச்சு, உள்ளுக்குள்ள வெறப்பா ஒரு நெட்டக் குடுத்தா சாவித்திரி கை” என்று வெட்டிவிட்டார். பட்டரிக் கம்பெனியின் நூற்றறுபது வருஷத்து வித்தை ஒரு பழைய ஜாக்கெட்டிடம் படுத்துவிட்டது.

பஃப் கை நன்றாகவே வந்தது. குடைப் பாவாடைக்குத் துணி எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டதும் மகளே சுடிதாருக்கு மாறிவிட்டாள். என் ஸ்லாக் சட்டை? நின்றால் பட்டன் போடலாம். உட்கார்ந்தால் மூன்றாவது பட்டன் எதிரில் இருப்பவர் மேல் பாய்கிறது. அதனால் கல்யாண வீடுகளில் பந்தி விசாரிக்கிறவனாக நின்றுகொண்டே இருக்கிறேன். பெரிய மனுஷன் என்று பெயர் கிடைத்திருக்கிறது.

உங்களுக்கும் பஃப் கை ஆசை இருந்தால், தீபாவளித் துணியைப் புரட்டாசிக்குள் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் டெய்லர் யார் துணியையும் வாங்குவதில்லை. அளவு ஜாக்கெட்டை மறந்துவிடாதீர்கள்.