வாய்தா இல்லாத பதில்கள்

பொதட்டூர்பேட்டையில் தொடங்கிக் கும்மிடிப்பூண்டி வரை, திருவள்ளூர் மாவட்ட வாசகர்கள் இந்த முறை கோர்ட்டையும் கறுப்புக் கோட்டையும் விடுவதாக இல்லை. வக்கீல்களுக்கு வாய்தா வாங்கும் வசதி உண்டு. கேள்வி பதில் பகுதிக்கு அது கிடையாது என்பதால் வந்த கேள்விகளுக்கு இப்போதே பதில்.

கே: எங்கள் தாத்தா நிலத் தகராறில் அப்பீலுக்காகக் குண்டூர் போனதாகப் பாட்டி சொல்வார். பொதட்டூர்பேட்டைக்கும் குண்டூருக்கும் என்ன சம்பந்தம்? மிளகாய் வாங்கப் போனதைத்தான் இப்படிச் சொல்கிறாரோ?
(தறி உரிமையாளர், பொதட்டூர்பேட்டை)

ப: பாட்டியைச் சந்தேகப்படாதீர்கள், கணக்கு சரியாகவே வருகிறது. 1911ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரம் அதோடு போனது. அப்போது எல்லாமே மதராஸ் மாகாணம் என்பதால் அப்பீல் என்றால் சென்னைதான். 1953 அக்டோபர் 1ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் புதிய மாநிலத்துக்குக் கையோடு ஒரு உயர் நீதிமன்றம் அமையவில்லை. சில மாதங்கள் சென்னையிலேயே வழக்குகள் ஓடின. 1954 ஜூலையில் ஆந்திர உயர் நீதிமன்றம் குண்டூரில் திறக்கப்பட்டது. தாத்தாவின் பயணம் அதற்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் கேஸ் இழுத்திருந்தால் இன்னும் தூரம் போயிருப்பார். 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம் உருவாகி, உயர் நீதிமன்றம் ஹைதராபாதுக்கு இடம் மாறியது. இதற்கிடையில் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம். வழக்கறிஞராகவும் மத்திய சட்ட அமைச்சராகவும் இருந்த எச்.வி. படாஸ்கர் நடுவராக வந்து, கிராமத்தை அலகாகக் கொண்டு, அங்கே பெரும்பான்மையோர் பேசும் மொழியைப் பார்த்து எல்லை பிரிக்கச் சொன்னார். 1959ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 1960 ஏப்ரல் 1ல் இந்தப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நடந்துகொண்டிருந்த வழக்குகள் எந்தக் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பதையும் அந்தச் சட்டமே சொன்னது. ஆக, 1954க்கும் 1960க்கும் இடையே சென்னை, குண்டூர், ஹைதராபாத், மறுபடி சென்னை என்று உங்கள் ஊருக்கு உயர் நீதிமன்றம் மாறிக்கொண்டே இருந்தது. தெருவில் ஒரு தறி கூட இடம் மாறவில்லை.

இன்று பள்ளிப்பட்டிலேயே கோர்ட் இருக்கிறது. காலையில் போய், டவாலி பெயர் கூப்பிடும்வரை புங்க மரத்தடியில் காத்திருந்து, வாய்தா வாங்கிக்கொண்டு மத்தியான சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். வழக்காளிக்கு இதைவிடப் பெரிய மைல்கல் உண்டா என்ன?

கே: அப்படியானால் குண்டூரில் தாத்தாவின் கேஸைக் கேட்ட தலைமை நீதிபதி யார்?
(அதே வாசகர், விடமாட்டார் போல)

ப: அந்தக் கேஸை யார் கேட்டாரோ, தலைமை நீதிபதி நாற்காலியில் இருந்தவர் கோகா சுப்பாராவ். சென்னையில் வக்கீலாகத் தொழில் செய்தவர். பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதியாகி, 1967ல் கோலக்நாத் வழக்கில் அடிப்படை உரிமைகள் மீது நாடாளுமன்றம் கை வைக்க முடியாது என்ற தீர்ப்பைத் தந்தவர். அதே ஆண்டு பதவியை ராஜினாமா செய்து குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார்.

கே: நான் சட்டம் படிக்க வேண்டும் என்றால், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு கோர்ட்டு வாசல்" என்கிறார் மாமா. அவருக்கு ஒரு பதில் வேண்டும்.
(பிளஸ் டூ மாணவி, திருத்தணி)

ப: மாமாவின் கேள்விக்கு 1923லேயே பதில் சொல்லியாகிவிட்டது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் வக்கீல் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று அந்த ஆண்டு சட்டம் வந்தது. 1929ல் பி. ஆனந்தபாய் சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் பெண் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். ஆனால் எதிரே மேடையில் ஒரு பெண் நீதிபதி உட்கார 1986 வரை ஆயிற்று. அவர் பத்மினி ஜேசுதுரை. கணக்குப் போட்டால் 57 ஆண்டுகள். மாமாவைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள்.

அதன் பிறகு வேகம் கூடியது. 1992ல் காந்தகுமாரி பட்நாகர் சென்னையின் முதல் பெண் தலைமை நீதிபதி. 2014ல் தமிழ்நாட்டிலிருந்து ஆர். பானுமதி உச்ச நீதிமன்றம் போனார். 2018ல் சத்யஸ்ரீ ஷர்மிளா தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்து, இந்தியாவின் முதல் திருநங்கை வழக்கறிஞர் ஆனார். ஜவ்வாது மலையைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, பிரசவமான இரண்டாம் நாள் சென்னைக்கு வந்து சிவில் நீதிபதி தேர்வு எழுதித் தேறினார்; 2024ல் ஊரே மேளம் கொட்டி வரவேற்றது. மாமாவை இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள்.

கே: அக்னி நட்சத்திரத்தில் திருத்தணி கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு நிற்கும் வக்கீல்களைப் பார்த்தால் கட்சிக்காரர்களுக்கே பாவமாக இருக்கிறது. கழற்றவே கூடாதா?
(டீக்கடைக்காரர், திருத்தணி)

ப: கழற்றலாம். கோடைக் காலத்தில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் தவிர மற்ற இடங்களில் கறுப்புக் கோட் கட்டாயமில்லை என்று இந்திய பார் கவுன்சில் விதியே இருக்கிறது. கவுனும் அப்படித்தான், கீழ்க் கோர்ட்டுகளில் அவரவர் விருப்பம். கழுத்தில் வெள்ளைப் பட்டை மட்டும் தப்பாது. பதினொரு மணிக்குள் அது வியர்வையில் நனைந்து நாக்கைத் தொங்கப் போட்டுவிடும். வானிலை அறிக்கையில் தவறாமல் பெயர் வரும் ஊரில் இத்தனை சலுகை இருந்தும் பலர் கோட்டைக் கழற்றுவதில்லை. காரணம் எளிது: கோட் இல்லாத வக்கீலைக் கட்சிக்காரர் குமாஸ்தா என்று நினைத்துவிடுகிறார்.

கே: நம் மாவட்டத்தில் நடந்த பெரிய கேஸ் எது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பூந்தமல்லி)

ப: உங்கள் ஊரிலேயே நடந்ததுதான். 1991 மே 21ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கு, பூந்தமல்லி தடா நீதிமன்றத்தில் மூடிய கதவுக்குள் விசாரிக்கப்பட்டது. விசாரணை தொடங்கியபோது பூந்தமல்லி செங்கை மாவட்டம். 1997ல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்ததால் தீர்ப்பு வந்தபோது வேறு மாவட்டம். 1998 ஜனவரி 28ல் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை. 1999 மே 11ல் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள், மற்ற 19 பேர் வெளியே வந்தார்கள். தடா குற்றச்சாட்டு நிற்கவில்லை. பிறகு அந்த நால்வரின் தூக்கும் ஆயுளாகக் குறைந்தது, 2022ல் கடைசி ஆள் வரை விடுதலை. கீழே 26, மேலே 4, முடிவில் பூஜ்யம். அப்பீல் எதற்கு என்று சட்டக் கல்லூரியில் கேட்டால் இந்த மூன்று எண்களை எழுதிக் காட்டினால் போதும்.

கே: என் பார்ட்னரை "ஃபோர் ட்வென்ட்டி" என்று திட்டினேன். அவர் என் மேல் மானநஷ்ட வழக்குப் போடுவாராம். பயப்படணுமா?
(சிப்காட் பக்கம் சிறு பட்டறை வைத்திருப்பவர், கும்மிடிப்பூண்டி)

ப: திட்டியது 2024 ஜூலை 1க்குப் பிறகு என்றால் உங்கள் வக்கீலுக்குக் கொஞ்சம் விளையாட இடமிருக்கிறது. அன்று 1860ன் இந்திய தண்டனைச் சட்டம் விடைபெற்று பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. புதுச் சட்டம் 358 பிரிவுகளோடு முடிந்துவிடுகிறது. அதில் 420 என்ற பிரிவே கிடையாது. மோசடி 318க்குப் போய்விட்டது. கொலைக்கு 103. சினிமா வில்லன்கள் மிரட்டும் 302 இப்போது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கான பிரிவு, ஆகவே வசனகர்த்தாக்கள் கவனிக்க வேண்டும். 144 தடை உத்தரவும் இன்னொரு புதுச் சட்டத்தில் 163 ஆகிவிட்டது.

சட்டங்களுக்கு வைத்த பெயரையும் உள்ளே செய்த மாற்றங்களையும் எதிர்த்துத் தமிழ்நாட்டு வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்துப் போராடினார்கள். அரை வாழ்நாள் மனப்பாடம் ஒரே நாளில் வீணான கோபமும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும், தப்பில்லை. பார்ட்னர் விஷயத்துக்கு வருவோம்: எண் போனாலும் மானநஷ்டம் போகவில்லை. சமாதானமாகப் போய்விடுங்கள்.

கே: விசைத்தறியில் லுங்கி ஓட்டினால் சட்ட விரோதம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். ஊரே உள்ளே போகணுமா?
(பொதட்டூர்பேட்டை)

ப: ஊரே உள்ளே போனால் லுங்கிக்கு எங்கே போவது! 1985ல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது. விசைத்தறிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1993ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. முதலில் 22 ரகம் என்றிருந்த பட்டியல் பின்னால் 11 ஆகச் சுருங்கியது. புடவை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால் எல்லா லுங்கியும் எல்லாப் புடவையும் இல்லை. என்ன நூல், என்ன கரை, என்ன வேலைப்பாடு என்று பட்டியல் விவரமாகப் பிரிக்கிறது. பயமுறுத்தியவரிடம் பட்டியலைக் கேளுங்கள். பெரும்பாலும் அவரிடம் இருக்காது. கைத்தறி, துணிநூல் துறை அலுவலகத்தில் இருக்கும். பாவு பூட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

கே: பட்டரைபெரும்புதூர் பஸ்ஸில் திடீரென்று வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட் கூட்டம். என்ன விசேஷம்?
(நடத்துநர், திருவள்ளூர்)

ப: வருங்கால வக்கீல்கள், சார். சில்லறைக்கு அவர்களிடம் வாதம் வேண்டாம்.

1891ல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி, உயர் நீதிமன்றத்தை ஒட்டிய சிவப்புக் கட்டடத்தில் நூறாண்டுக்கு மேல் இருந்தது. வகுப்பு முடிந்தால் ரோட்டைத் தாண்டாமலே பெரிய வக்கீல்கள் வாதாடுவதைப் பார்க்கலாம். 2008 நவம்பர் 12ல் மாணவர்களுக்குள் நடந்த மோதலைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. விசாரித்த நீதிபதி சண்முகம் ஆணையம் கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. 2018ல் ஒரு பகுதி பட்டரைபெரும்புதூருக்கும் மறு பகுதி புதுப்பாக்கத்துக்கும் போனது. மாணவர்கள் எதிர்த்துப் போராடியும் பலன் இல்லை. அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. கோர்ட்டிலிருந்து மாணவனைத் தூரமாக வைப்பது தண்ணீரில்லாமல் நீச்சல் சொல்லித் தருவது போலத்தான். ஆனால் பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டைப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் செலவு மிச்சம். இரண்டும் உண்மை.

கே: தெரு விளக்கில் படித்து ஜட்ஜ் ஆனவர் கதை நிஜமா, கட்டுக்கதையா?
(ஊத்துக்கோட்டை)

ப: தெரு விளக்கைச் சொல்பவர்கள் ஒரு ரூபாயைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். தஞ்சை மாவட்டத்தில் பிறந்த டி. முத்துசாமி ஐயர் சிறுவனாகக் கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தவர். 1878ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. உயர் நீதிமன்றத்துக்குள் அவருக்குச் சிலை இருக்கிறது. அடுத்த மைல்கல்லுக்கு நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது: ஜோலார்பேட்டை ஏ. வரதராஜன் 1980ல் உச்ச நீதிமன்றம் போன முதல் தலித் நீதிபதி. 2013ல் பவானி அருகே ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்தின் பி. சதாசிவம் இந்தியத் தலைமை நீதிபதி.

கே: என் கேஸில் என் வக்கீல் என்ன பேசுகிறார் என்று எனக்கே புரிவதில்லை. ஹைகோர்ட்டில் எப்போது தமிழ் வரும்?
(விவசாயி, பள்ளிப்பட்டு)

ப: கீழ்க் கோர்ட்டுகளில் தமிழுக்கு 1976ல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. சாட்சியைத் தமிழில் பதியலாம், தீர்ப்பையும் தமிழில் எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

உயர் நீதிமன்றத்தில் சிக்கல் வேறு. அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவுப்படி அங்கே ஆங்கிலம். மாநில மொழி வேண்டுமானால் குடியரசுத் தலைவர் சம்மதிக்க வேண்டும். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பிகார் நான்கும் இந்திக்கு அந்தச் சம்மதத்தை எப்போதோ வாங்கிவிட்டன. தமிழ்நாடு சட்டமன்றம் 2006 டிசம்பரில் தீர்மானம் போட்டது. மத்திய அரசு கருத்துக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் சம்மதிக்கவில்லை. நான்கு மாநிலத்துக்கு முடிந்தது ஐந்தாவதுக்கு ஏன் முடியாது என்பதற்கு நம்பும்படியான காரணம் இன்றுவரை வரவில்லை.

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை அன்றைய மேல் கோர்ட்டான சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து "சித்தாந்த சங்கிரகம்" என்று புத்தகமாக 1862லேயே போட்டுவிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் பிறந்ததும் அதே ஆண்டுதான்.

கே: ஹைகோர்ட் கேட்டை வருஷத்தில் ஒரு நாள் பூட்டிவிடுகிறார்களாமே, பேய் பயமா?
(கும்மிடிப்பூண்டி)

ப: பாத்தியதை பயம். பல்லாண்டுகள் தடையில்லாமல் ஒரு வழியில் நடந்தால், அது எங்கள் வழி என்று உரிமை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. பாரிமுனைக்குக் குறுக்கு வழி தேடும் கூட்டம் நாளைக்கு அப்படி ஒரு கேஸோடு வந்து நிற்கக் கூடாது என்றுதான் ஆண்டுக்கு ஒருமுறை 24 மணி நேரம் எல்லாக் கதவுகளையும் பூட்டுவதாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் வரப்புத் தகராறு வைத்திருப்பவர்கள் இந்த யோசனையை வக்கீலிடம் சொல்லிப் பார்க்கலாம்.

கே: "மை லார்ட்" என்று கூப்பிட்டே ஆக வேண்டுமா?
(திருத்தணி)

ப: வேண்டாம். 2006லேயே பார் கவுன்சில் அதை மாற்றிவிட்டது. அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சந்துரு மேடையிலிருந்தே கேட்டுக்கொண்டார். இருந்தும் பழைய வக்கீல்களின் வாயில் அது தானாக வருகிறது.

கே: என் வக்கீல் கேஸை ஜெயித்துக் கொடுத்தார். ஃபீஸும் கொடுத்தாயிற்று. வேறு எப்படி நன்றி சொல்வது?
(பொன்னேரி)

ப: வ.உ.சி.யிடம் கேளுங்கள். 1908ல் தண்டனை பெற்றதோடு அவருடைய வக்கீல் சன்னத்தும் போனது. சிறையிலிருந்து வந்தபின் பிழைக்க அரிசிக் கடை வரை நடத்திப் பார்த்தார். கடைசியில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னத் திரும்பக் கிடைத்தது. யாருடைய ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தாரோ அவர்களில் ஒருவரின் பெயரையே தம் மகனுக்கு "வாலேசுவரன்" என்று வைத்தார். நீங்களும் வைக்கலாம். அதற்கு முன் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.