லாவா பார்க்கப் போறீங்களா?

மென்பொருள் ஊழியர், கோவை: எரிமலையில் லாவா ஆறாக ஓடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. எந்த மாதம் சீசன்?

சீசன் குற்றாலத்துக்கு உண்டு, எரிமலைக்குக் கிடையாது. உலகத்தில் சாமானியர்கள் காரில் போய் இறங்கிப் பார்க்கக்கூடிய எரிமலை என்றால் ஹவாயின் பெரிய தீவில் இருக்கும் கிலாவேயாதான். அதன் கதையைக் கேளுங்கள். 1983 ஜனவரியில் கிழக்குச் சரிவில் பொங்க ஆரம்பித்தது, 2018 வரை 35 வருஷம் ஏறக்குறைய ஓயவே இல்லை. அந்தக் காலத்தில் போனவர்களுக்கு வருஷம் முழுக்க சீசன். லாவா ஓடிப்போய்க் கடலில் விழுவதைக்கூடப் பார்த்துவிட்டு வந்தார்கள். 2018 மே மாதம் லாவா வழி மாறி, கீழே குடியிருப்புகளுக்கு நடுவே தரையைப் பிளந்துகொண்டு வந்தது. 700 வீடுகளுக்கு மேல் போயின. உச்சியில் இருந்த லாவா ஏரி வடிந்து, குழி இடிந்து இன்னும் ஆழமானது. அதற்கப்புறம் கொஞ்ச காலம் போனவர்கள் பார்த்ததெல்லாம் பெரிய பள்ளத்தைத்தான்.

2024 டிசம்பர் 23 முதல் புது ஆட்டம். உச்சியில் உள்ள ஹலேமாவுமாவு குழிக்குள் லாவா ஊற்றுபோலப் பீய்ச்சி அடிக்கும். பெரும்பாலும் சில மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு நாள், அவ்வளவுதான். பட்டென்று நின்றுவிடும். பிறகு சில நாள் ஓய்வு, சில சமயம் இரண்டு வாரத்துக்கு மேலும் ஓய்வு. 2025 முழுக்க இதே கதைதான், முப்பது தடவைக்கு மேல். ஆக, மாதத்தைத் தேர்ந்தெடுக்கத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை இரவு தங்குவது என்பதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ‘காலையில் எரிமலை, மாலையில் பீச்’ என்று ஒரே நாளில் முடிக்கிற பேக்கேஜ் டூர்காரர் சிரித்துக்கொண்டே பணம் வாங்குவார். லாவாவுக்கு அவர் ஜவாபுதாரி இல்லை.

கல்லூரி மாணவி, திருச்சி: அடுத்து எப்போது பொங்கும் என்று யாராலும் சொல்ல முடியாதா?

ஓரளவு சொல்கிறார்கள், அதுதான் அழகு. கிலாவேயாவின் விளிம்பில் தாமஸ் ஜாகர் என்ற நிலவியலாளர் 1912-ல் தொடங்கிய ஆய்வகம் இன்றும் அந்த மலையின் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடியில் உருகிய பாறைக் குழம்பு சேரச் சேர மலையின் உச்சி வீங்கும். பொங்கி முடித்ததும் சடாரென்று வற்றும். இந்த வீக்கத்தைச் சாய்வுமானி என்ற கருவி அளக்கிறது. ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனைக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் அட்டையைச் செருகினால் கம்பி எவ்வளவு சாயும்? அந்தச் சாய்வுதான் அதற்கு ஒரு அலகு. போன தடவை எவ்வளவு வற்றியது, இப்போது எவ்வளவு திரும்ப வீங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டு, ‘இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் அடுத்தது வரலாம்’ என்று ஆய்வகம் அறிவிக்கும். டிக்கெட் போடும் முன்பும், போய்ச் சேர்ந்த பிறகு தினமும் அந்த அறிவிப்பைப் பாருங்கள்.

பொங்கும் முன்பு குழியின் வாயில் லாவா எட்டிப் பார்க்கும், வழியும், உள்ளே போகும், மறுபடி வழியும். சில மணி நேரமோ, ஒன்றிரண்டு நாளோ இந்த விளையாட்டு. அந்தச் செய்தி வந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பலாம்.

ஃபோட்டோகிராஃபர், மதுரை: லாவாவுக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்? லென்ஸ் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

வாடகைக்கே எடுங்கள், ஆனால் நீளமான லென்ஸாக எடுங்கள். நீங்கள் நிற்பது குழியின் விளிம்பில், லாவா இருப்பது அந்தப் பக்கம் வெகு தூரத்தில். காலடியில் ஊர்ந்து வரும் லாவாவை இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். ஊற்று 300 மீட்டரைத் தாண்டி எழும்பியதும் சுளித்த முகம் தானாகச் சரியாகிவிடும். ஈஃபிள் கோபுரம் 330 மீட்டர், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றிலிருந்து விழுவது குழியின் தரையில் ஆறாகப் பிரிந்து ஓடும். கோவைக்காரர் கேட்ட ‘ஓடும் லாவா’ இப்போது அதுதான்.

முக்காலி கொண்டு போங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அதற்குத் தடை. நேரம்? விடியலுக்கு முன். கிலாவேயா இருக்கும் தேசியப் பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும். பொங்குகிற நாளில் மாலையில் போனால் லாவாவை விட அதிகமாக வரிசையாய் நிற்கும் கார்களின் சிவப்பு விளக்கைத்தான் பார்ப்பீர்கள்.

குடும்பத்தலைவி, சேலம்: லாவா மேலே அப்பளம் சுட்டு வீடியோ போடலாம் என்கிறான் என் பையன். முடியுமா?

பையனுக்கு முன்னோடி உண்டு. 2018-ல் கிலாவேயா பொங்கியபோது ஒருவர், எரிமலைத் துவாரத்தின் மேல் மார்ஷ்மெல்லோ மிட்டாயைச் சுடலாமா என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையிடமே ட்விட்டரில் கேட்டுவிட்டார். துறையும் கோபப்படாமல் பதில் சொன்னது: ஆபத்து, வேண்டாம், கந்தக வாயு பட்டால் மிட்டாய் சகிக்காது. கந்தக அமிலம் சர்க்கரையோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்றும் ஒரு விளக்கம் கொடுத்தது. லாவாவின் சூடு 1,100 டிகிரிக்கு மேல். உங்கள் அப்பளம் பொரிவதற்கு முன்பே கரியாகிவிடும், நீட்டிய கையையும் நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உடற்பயிற்சி ஆசிரியர், நாகர்கோவில்: லாவா துரத்தினால் ஓடித் தப்பிக்க முடியுமா?

ஹவாயில் பெரும்பாலும் நடந்தே தப்பிக்கலாம். சமவெளியில் அது ஆமை. ஆனால் செங்குத்துச் சரிவில் கதை வேறு. 1950-ல் மௌனா லோவா மலையிலிருந்து புறப்பட்ட ஒரு லாவா, நான்கு மணி நேரத்துக்குள் கடலைத் தொட்டுவிட்டது. ஆப்பிரிக்காவின் நியிராகோங்கோ 1977-ல் வெடித்தபோது லாவா ஏரியே ஒரு மணி நேரத்துக்குள் வடிந்து ஊருக்குள் பாய்ந்தது. அங்கே ஓட்டப் பயிற்சி உதவவில்லை.

ஆனால் சுற்றுலாப் பயணியை வீழ்த்துவது லாவாவின் வேகம் இல்லை, அவர் நிற்கிற இடம். லாவா கடலில் விழும் இடத்தில் புதிதாக உருவாகும் திட்டு, பார்க்கக் கெட்டியாக இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் கடலுக்குள் சரியும். அங்கே எழும் வெண்புகை வெறும் நீராவி இல்லை, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கண்ணாடித் துகளும் கலந்தது. 2018 ஜூலையில் அப்படி ஓரிடத்தைப் படகில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல், வெடித்துச் சிதறிய லாவா வந்து விழுந்து 23 பேர் காயமடைந்தார்கள். குழியின் விளிம்பும் அப்படித்தான், விரிசல் விட்ட மண். வேலி கட்டியிருந்தால் வேலிக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். செல்ஃபிக்கு அந்தப் பக்கம் நல்ல வெளிச்சம் என்று சொல்பவரை நண்பர் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

மகன், தாம்பரம்: அம்மாவுக்கு ஆஸ்துமா. கூட்டிப் போகலாமா?

இந்தக் கேள்விக்கு விளையாட்டு இல்லை. பொங்கும்போது கந்தக டையாக்சைடு வாயு ஏராளமாக வெளிவரும். காற்றில் அது மூடுபனிபோலப் பரவி, காற்று வீசும் திசையில் இருப்பவர்களுக்கு மூச்சுத்திணறலைக் கொடுக்கும். ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் ஒதுங்கியிருப்பதே நல்லது. துணி முகக்கவசம் அந்த வாயுவைத் தடுக்காது. மருத்துவரைக் கேளுங்கள். பூங்காவில் அன்றைய காற்றின் நிலையை அறிவிப்பார்கள், அதையும் கேளுங்கள். அம்மா ‘எனக்கு ஒண்ணும் ஆகாது’ என்றால் அதை மட்டும் கேட்காதீர்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்: அங்கிருந்து ஒரு லாவாக் கல் எடுத்து வந்தால் நவராத்திரி கொலுவில் மலைக்கு வைக்கலாமே?

ஐயா, வேண்டாம். தேசியப் பூங்காவிலிருந்து கல் எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டத்துக்குப் பயப்படாதவர்களும் பெலேவுக்குப் பயப்படுகிறார்கள். பெலே, ஹவாய்க்காரர்களின் எரிமலைத் தெய்வம், குடியிருப்பது அந்த ஹலேமாவுமாவு குழியில். கல்லை எடுத்துப் போனால் அவள் சாபம் தொடரும் என்று ஒரு பேச்சு. அது பழைய ஐதீகமா, பின்னால் யாரோ கட்டிவிட்டதா என்று வழக்கு இருக்கிறது. ஆனால் கல் எடுத்துப் போனவர்கள், வேலை போச்சு, கல்யாணம் நின்றுபோச்சு என்று கடிதம் எழுதி, கல்லைப் பார்சலில் பூங்காவுக்குத் திருப்பி அனுப்புவது உண்மை. கொலு மலைக்கு நம்மூர் களிமண்ணே போதும். பார்சல் செலவும் மிச்சம்.

சிவனடியார், சிதம்பரம்: பெலேவைக் கும்பிட்டாயிற்று. அந்தப் பக்கம் நம் கோயில் உண்டா?

உண்டு, ஆனால் வேறு தீவில். கவாய் தீவில் இறைவன் கோயில் என்றே பெயர். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949-ல் தீட்சை பெற்ற அமெரிக்கர் சிவாய சுப்பிரமுனியசுவாமி நிறுவிய சைவ ஆதீனம் கட்டியது. பெங்களூருக்குப் பக்கத்தில் கையால் செதுக்கிய கருங்கல்லைக் கப்பலில் கொண்டுபோய் எழுப்பி, 2023-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். கவாய் தீவும் எரிமலை பெற்ற பிள்ளைதான், மூத்த பிள்ளை. அடியில் இருக்கும் வெப்பம் ஒரே இடத்தில் நிற்க, மேலே இருக்கும் பசிபிக் தட்டு வடமேற்காக நகர்ந்துகொண்டிருப்பதால், பிறந்த தீவுகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய்விட்டன. கவாய் பிறந்து ஐம்பது லட்சம் வருஷம் ஆயிற்று. அங்கே நெருப்பு இல்லை, நெய்விளக்குதான்.

வங்கி ஊழியர், விழுப்புரம்: எப்படிப் போவது? என்னென்ன எடுத்துப் போவது?

முதலில் அமெரிக்க விசா. சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை, எங்காவது மாறி ஹொனலுலு, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரிய தீவின் ஹிலோ. அதே தீவின் கோனாவில் இறங்கினால் எரிமலைக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஹிலோவிலிருந்து முக்கால் மணிதான். காருக்கு 30 டாலர் நுழைவுக் கட்டணம், ஏழு நாள் செல்லும், அதனால் தினமும் போய் எட்டிப் பார்க்கலாம்.

நெருப்பைப் பார்க்கப் போகிறோம், ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். குழியின் விளிம்பு 1,200 மீட்டர் உயரம், ராத்திரியில் நடுங்கும், மழையும் அடிக்கடி. ஆறிய லாவா கண்ணாடித் துண்டு மாதிரி கிழிக்கும், ஹவாய்ச் செருப்பு என்று நாம் சொல்வதை ஹவாயில் போடாமல் ஷூ போடுங்கள். டார்ச்சும் தண்ணீரும் ஒவ்வொருவர் கையிலும்.

புதுமணத் தம்பதி, ஈரோடு: இவ்வளவு செலவு பண்ணிப் போய் லாவா வராவிட்டால்?

சண்டை போடாமல் கிலாவேயா இக்கி பள்ளத்தில் இறங்குங்கள். பெரிய குழிக்குப் பக்கத்திலேயே சின்னக் குழி. 1959-ல் அங்கே ஊற்று 580 மீட்டர் எழும்பியது, கீழே லாவா ஏரி நிறைந்தது. அந்த ஏரியின் உறைந்த மேல்தட்டில் இன்று நீங்கள் நடக்கலாம், அங்கங்கே விரிசலில் ஆவி வந்துகொண்டிருக்கும். சுற்றி வர ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். என்னைக் கேட்டால், விளிம்பில் கூட்டத்தோடு நின்று தூரத்து ஊற்றைப் பார்ப்பதைவிட இதுவே மேல் என்பேன், அடிக்க வராதீர்கள்.

அடுத்து நாஹுக்கு குகை: ஒரு காலத்தில் உள்ளே லாவா ஆறு ஓடி வடிந்த குழாய், இப்போது நீங்கள் உள்ளே நடந்து போகலாம். பிறகு குழிகளின் ஊடாகக் கடல் வரை இறங்கும் தார்ச் சாலை. அதன் கடைசியில் லாவா சாலையை மூடிக் கிடக்கும். நெடுஞ்சாலைத் துறையிடம் புகார் கொடுக்க முடியாத ஒரே ரோடு.

வியாபாரி, தூத்துக்குடி: அமெரிக்க விசா மறுத்துவிட்டார்கள். வேறு வழி?

இத்தாலியில் ஸ்ட்ரோம்போலி இருக்கிறது. சிசிலியிலிருந்து படகில் போகும் சின்னத் தீவு. ஆயிரக்கணக்கான வருஷமாகச் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை துப்பிக்கொண்டே இருப்பதால், ஏமாற்றம் குறைவு. உச்சிக்கு இஷ்டப்படி ஏற விடமாட்டார்கள். ராத்திரியில் படகில் இருந்து பார்ப்பதே சுகம். ஐஸ்லாந்தில் 2021-ல் ஜனங்கள் மலையேறிப் போய் லாவாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டார்கள். 2023 நவம்பரில் கிரிண்டாவிக் ஊரையே காலி செய்ய நேர்ந்தபின் அந்த உல்லாசம் அடங்கிவிட்டது. இரண்டுக்கும் ஷெங்கன் விசா.

விசாவே வேண்டாம் என்றால் நம் அந்தமானில் பேரன் தீவு, இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. நூறாண்டுக்கு மேல் தூங்கி 1991-ல் எழுந்தது. ஆனால் தீவில் கால்வைக்க அனுமதி இல்லை, கப்பலிலிருந்து பார்க்க வேண்டியதுதான். அது அன்றைக்குப் புகைக்குமா என்பது வேறு விஷயம்.

மாமியார், மயிலாப்பூர்: இதுக்கெல்லாம் போவானேன்? லைவ் கேமரா இருக்காமே, வீட்டிலேயே பார்த்தா ஆகாதா?

தாராளமாக. ஆய்வகம் யூட்யூபில் இலவசமாகக் காட்டுகிறது, அது சில சமயம் நேரில் போனவர் பார்ப்பதைவிட நெருக்கம். நெருக்கத்துக்கு விலையும் உண்டு, 2025 டிசம்பர் 6-ம் தேதி ஒரு கேமரா ஒளிபரப்பிக்கொண்டிருக்கும்போதே, மேலே கல்லும் சாம்பலும் கொட்டிப் புதைந்துபோனது. கேமராவில் கிடைக்காதது, முகத்தில் வந்து அடிக்கிற சூடும் அந்த இரைச்சலும். அதற்காக மருமகளை அனுப்பி வையுங்கள். நமக்கும் ஹவாய்க்கும் பதினைந்தரை மணி நேர வித்தியாசம், அவள் அங்கே விடியற்காலை மூன்று மணிக்குக் குளிரில் நிற்கும்போது இங்கே மாலை 6.30. சீரியல் ஆரம்பிப்பதற்குள் நீங்கள் பார்த்து முடித்துவிடலாம்.